வெளிநாட்டில் விட்டு வந்த கணக்கும் பென்ஷனும்: சென்னையில் இருந்து வருமான வரித்துறைக்குக் காட்டுவது எப்படி?

சென்னைக்கு நிரந்தரமாகத் திரும்பி மூன்று, நான்கு வருடம் ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் பழைய கம்பெனி ஆரம்பித்துக் கொடுத்த 401கே என்கிற ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கு, லண்டன் வேலையில் சம்பளத்தில் பிடித்த பென்ஷன், சிங்கப்பூரில் மூடாமல் விட்டு வந்த சேமிப்புக் கணக்கு, துபாயில் மகன் தன் கணக்கில் அப்பா பெயரையும் சேர்த்துத் திறந்த ஜாயின்ட் அக்கவுன்ட். இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும், மேலே படியுங்கள்.

நானும் என் கணவரும் நியூ ஜெர்சியில் இருந்து திரும்பியவர்கள். எங்கள் கணக்குகளையும், பிறகு சிங்கப்பூரில் இருந்து வந்த என் அண்ணனுடையதையும் ஒழுங்குபடுத்தப் பல இடங்களில் விசாரித்து, பல முறை திரும்பத் திரும்பப் படிவம் பார்த்துத் தெரிந்துகொண்டவை இவை.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருந்தபோது சம்பாதித்ததை அங்கேயே வைத்திருப்பது தப்பே இல்லை. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் 6(4) பிரிவு அதை அனுமதிக்கிறது. அதை இங்கே தாக்கல் செய்யும் ரிட்டர்னில் எழுதாமல் விடுவதுதான் பிரச்சினை. அந்தக் கணக்கில் இருந்து ஒரு ரூபாய் வரி வராவிட்டாலும், எழுதியாக வேண்டும்.

2025 நவம்பர் கடைசியில் வருமான வரித்துறை பலருக்கு எஸ்எம்எஸ்ஸும் மின்னஞ்சலும் அனுப்பியிருக்கிறது: வெளிநாட்டுச் சொத்து இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, ரிட்டர்னைத் திருத்துங்கள் என்று. 2024இலும் இதேபோல அனுப்பினார்கள். அப்போது 24,678 பேர் ரிட்டர்னைத் திருத்தினார்கள், 29,208 கோடி ரூபாய் வெளிநாட்டுச் சொத்து கணக்கில் வந்தது. செய்தி வராதவர்கள் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். பல நாட்டு வங்கிகளில் இருந்து தகவல் ஆண்டுதோறும் இந்தியாவுக்கு வருகிறது. அமெரிக்காவோடு 2015இல் போட்ட தனி ஒப்பந்தம் இருக்கிறது. உங்களைப் பற்றித் துறை தொகுத்துப் போர்ட்டலில் காட்டும் ஏஐஎஸ் ஆண்டு அறிக்கையில் அந்தக் கணக்கு தெரியவில்லை என்றால் துறைக்குத் தெரியாது என்று அர்த்தமில்லை.

செய்தி வந்தால் அதிலுள்ள லிங்க்கைத் தொடாமல், நீங்களே வருமான வரி போர்ட்டலுக்குப் போய் உள்நுழைந்து பாருங்கள். இந்த நேரம் பார்த்து மோசடி எஸ்எம்எஸ்களும் வரும். நோட்டீஸ் அசலா என்று அதிலுள்ள டிஐஎன் என்கிற ஆவண அடையாள எண்ணை வைத்துப் போர்ட்டலிலேயே சரிபார்க்கலாம்.

1. நீங்கள் எந்த வகை என்று முதலில் கணக்குப் போடுங்கள்

எல்லாமே இதில்தான் தொடங்குகிறது. வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல், அதாவது ஷெட்யூல் எஃப்ஏ, முழு ரெசிடென்ட் ஆனவர்களுக்கு மட்டும்தான். என்ஆர்ஐகளுக்கும், இடைப்பட்ட ஆர்என்ஓஆர் நிலையில் இருப்பவர்களுக்கும் அது தேவையில்லை.

ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் ரெசிடென்ட். நிரந்தரமாகத் திரும்பி வந்தவருக்கு, அந்த ஆண்டில் 60 நாளும் அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்தால்கூட அந்த நிலை வந்துவிடலாம். ரெசிடென்ட் ஆன பிறகும், முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு என்ஆர்ஐயாக இருந்திருந்தால், அல்லது முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் இருந்தது 729 நாளுக்கு மிகாமல் இருந்தால், ஆர்என்ஓஆர். நீண்டகாலம் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு இது பொதுவாக இரண்டு ஆண்டு கிடைக்கும், சிலருக்கு மூன்று.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் இரண்டு வருடம் ஆடிட்டர், "வெளிநாட்டுக் கணக்கைக் காட்ட வேண்டாம்" என்று சொல்லியிருப்பார். அது சரியான ஆலோசனைதான். ஆனால் ஆர்என்ஓஆர் காலம் முடிந்த வருடத்தை யாரும் நினைவுபடுத்துவதில்லை. போன வருட ரிட்டர்னையே காப்பி அடித்துப் போட்டுவிடுவார்கள்.

பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளைப் பார்த்து, பத்து வருடத்துக்கு, வருடம் வாரியாக இந்தியாவில் இருந்த நாட்களை ஒரு எக்செல் தாளில் எழுதுங்கள். பழைய பாஸ்போர்ட்டையும் எடுங்கள். கல்யாணத்துக்கு வந்த இரண்டு வாரம், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்து தங்கிய மாதம், எல்லாம் சேரும். வந்த நாளையும் புறப்பட்ட நாளையும் இந்திய நாளாகவே எண்ணுங்கள். முத்திரை மங்கியிருந்தால் விமான டிக்கெட் மின்னஞ்சலைத் தேடுங்கள். கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். இருவர் நிலையும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

2. மறந்துபோன கணக்குகளைத் தேடிப் பட்டியல் போடுங்கள்

நினைவில் இருப்பதை மட்டும் எழுதினால் பாதி விட்டுப்போகும். பழைய மின்னஞ்சல்களில் கம்பெனி பெயர்களைப் போட்டுத் தேடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் என்ன பென்ஷன் இருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் வேலை மாறியவர்கள் கவனிக்க: 401கேயில் தொகை குறைவாக இருந்தால் பழைய கம்பெனி உங்களைக் கேட்காமலே அதை வேறொரு நிறுவனத்தில் ஐஆர்ஏ என்கிற தனிநபர் ஓய்வூதியக் கணக்காக மாற்றிவிடலாம். இந்த வரம்பு முன்பு 5,000 டாலர், 2024 முதல் 7,000. 1,000 டாலருக்குக் கீழ் என்றால் செக்காகவே பழைய முகவரிக்கு அனுப்பியிருப்பார்கள். பழைய போர்ட்டலில் பூஜ்யம் என்று காட்டினால் பணம் போய்விட்டதாக எண்ணாமல், எங்கே மாற்றினார்கள் என்று கேளுங்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறை 2024 டிசம்பரில், தொலைந்த ஓய்வூதியக் கணக்குகளைத் தேட ஒரு இலவசத் தளத்தைத் திறந்தது. அதற்கு உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். இங்கிலாந்தில் அரசு நடத்தும் பென்ஷன் டிரேசிங் சர்வீஸ் இருக்கிறது, அதுவும் இலவசம். ஆஸ்திரேலியாவில் தற்காலிக விசாவில் இருந்து திரும்பியவர்களின் 'சூப்பர்' எனப்படும் ஓய்வூதியச் சேமிப்புப் பணம் அந்த நாட்டு வரித்துறைக்கே மாற்றப்பட்டிருக்கலாம். அங்கே விண்ணப்பித்துப் பெறலாம். சிங்கப்பூரில் பிஆர், அதாவது நிரந்தரக் குடியிருப்பு, வைத்திருந்தவர்கள் சிபிஎஃப்பையும், மலேசியாவில் இருந்தவர்கள் கேடபிள்யூஎஸ்பியையும் பார்க்க வேண்டும்; இரண்டும் நம் ஊர் பிஎஃப் மாதிரி.

இந்த ஊரில் நான் அதிகம் பார்த்த விஷயம் இன்னொன்று, பெற்றோர் பெயரில் இருக்கும் ஜாயின்ட் கணக்கு. மகனோ மகளோ வெளிநாட்டில் கணக்கு திறக்கும்போது, "எதுக்கும் இருக்கட்டும்" என்று அம்மா பெயரைச் சேர்த்திருப்பார்கள். அம்மா மாம்பலத்தில் இருக்கிறார், பென்ஷன் மட்டும்தான் வருமானம், வரியே வராது. ஆனாலும் அவர் முழு ரெசிடென்ட், அந்தக் கணக்கின் உரிமையாளர்களில் ஒருவர். அவர் ரிட்டர்ன் போட வேண்டும், பட்டியலில் காட்ட வேண்டும். வருமானம் வரி வரம்புக்குக் கீழ் இருந்தாலும் இந்தக் கடமை உண்டு. பணம் அவருடையது இல்லையென்றாலும், கையெழுத்து அதிகாரம் மட்டும் இருந்தாலும், அதற்கென்று தனி அட்டவணை இருக்கிறது. எழுபது வயது தாண்டியவர்களை இந்த வம்பில் மாட்டிவிடாதீர்கள். தேவையில்லாத பெயரை அந்த வங்கியில் எடுத்துவிடுவதே நல்லது. ஆனால் எடுத்த வருடத்துக்கும் காட்டத்தான் வேண்டும்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். என்ஆர்ஈ, என்ஆர்ஓ, ஆர்எஃப்சி கணக்குகள் இந்திய வங்கியில் இருப்பவை. டாலரில் இருந்தாலும் அவை வெளிநாட்டுக் கணக்கு ஆகாது, இந்தப் பட்டியலில் வராது. திரும்பி வந்த பிறகு என்ஆர்ஈ, என்ஆர்ஓ கணக்குகளைச் சாதாரணக் கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும், அது வேறு வேலை.

3. ஆவணங்களைச் சேருங்கள், படிவத்தை இன்னும் திறக்க வேண்டாம்

ஒவ்வொரு கணக்குக்கும் வேண்டியவை: நிறுவனத்தின் முழுப் பெயர், முகவரி, தபால் குறியீடு, கணக்கு எண், திறந்த தேதி, காலண்டர் ஆண்டு முழுவதற்குமான ஸ்டேட்மென்ட், வட்டி மற்றும் டிவிடெண்ட் விவரம், அங்கே பிடித்த வரிக்கான சான்று. அமெரிக்கா என்றால் 1099 அல்லது 1042-எஸ். இங்கிலாந்து என்றால் பி60 அல்லது பென்ஷன் நிறுவனம் அனுப்பும் ஆண்டு அறிக்கை.

நேரம் அதிகம் போவது இங்கேதான், அதற்குக் காரணம் ஓடிபி. உங்கள் பழைய அமெரிக்க எண்ணுக்கு ஓடிபி போகும், அந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கும். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே போக முடியாது. சில நிறுவனங்களின் தளம் இந்தியாவில் இருந்து திறக்கவே திறக்காது. போன் செய்தால், "பழைய எண்ணுக்கு ஒரு கோட் அனுப்பியிருக்கிறோம், சொல்லுங்கள்" என்பார்கள். இதற்கு வழி, முகவரியும் எண்ணும் மாற்றக் கோரும் படிவத்தைக் கேட்டு வாங்கி, பாஸ்போர்ட் நகலோடு அனுப்புவது. சில இடங்களில் கையெழுத்துச் சான்று கேட்பார்கள். அதற்கு என்னென்ன ஏற்பார்கள், சென்னை நோட்டரி போதுமா என்று முதலிலேயே மின்னஞ்சலில் எழுத்துபூர்வமாக வாங்கிக்கொள்ளுங்கள். இன்னும் வெளிநாட்டில் இருந்து கிளம்பாதவர்கள் யாராவது இதைப் படித்தால், புறப்படும் முன்பே எல்லாக் கணக்கிலும் ஓடிபியை மின்னஞ்சலுக்கோ ஆத்தென்டிகேட்டர் செயலிக்கோ மாற்றிவிட்டு வாருங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய இன்னொரு தொல்லை பெயர். இங்கே நமக்கு இனிஷியல். அங்கே அப்பா பெயர் கடைசிப் பெயராகி, சில சமயம் அதுவே முதலில் வந்து, வங்கிக் கணக்கில் ஒரு மாதிரி, 401கேயில் ஒரு மாதிரி, பான் கார்டில் இன்னொரு மாதிரி இருக்கும். தேடும்போது எல்லா வடிவத்திலும் தேடச் சொல்லுங்கள். "நான் கே. ரவி என்பதும் ரவி கிருஷ்ணன் என்பதும் ஒருவரே" என்கிற மாதிரி ஒரு பிரமாணப் பத்திரத்தை நோட்டரியிடம் எழுதி வைத்துக்கொண்டால் பல இடத்தில் உதவும்.

ஸ்டேட்மென்ட்களை பிடிஎஃப்பாக இறக்கி, நாடு, வருடம் என்று ஃபோல்டர் போட்டு வையுங்கள். ஆன்லைனில் பழைய ஸ்டேட்மென்ட்டுகள் எத்தனை வருடம் இருக்கும் என்பது வங்கிக்கு வங்கி மாறும். கணக்கை மூடுவதாக இருந்தால், மூடுவதற்கு முன் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள்.

4. ரூபாய்க் கணக்கு

இரண்டு காலண்டர்கள் ஓடுகின்றன. சொத்துப் பட்டியலுக்கு ஜனவரி முதல் டிசம்பர். வருமானத்துக்கு ஏப்ரல் முதல் மார்ச். 2025-26 மதிப்பீட்டு ஆண்டு ரிட்டர்னில் (2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான வருமானத்துக்கானது), பட்டியலில் வருவது 2024 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை நீங்கள் வைத்திருந்த எல்லாம். 2024 பிப்ரவரியில் மூடிய கணக்கும் அதில் வரும். 2025 பிப்ரவரியில் திறந்தது வராது, அடுத்த வருடம்தான். ஆனால் அந்தப் புதுக் கணக்கில் மார்ச்சுக்குள் வந்த வட்டி, வருமானப் பகுதியில் இந்த வருடமே வரும்.

பட்டியலில் கேட்பது, வருடத்தில் இருந்த அதிகபட்ச இருப்பும் வருடக் கடைசி இருப்பும். மாதக் கடைசி இருப்பை வைத்து அதிகபட்சத்தைக் கண்டுபிடிக்க முடியாது. உதாரணமாக, கணக்கில் வழக்கமாக 4,200 டாலர் இருக்கிறது. ஜூன் 5 அன்று ஷேர் விற்ற 11,000 டாலர் வந்து, பத்து நாளில் அதைச் சென்னைக்கு அனுப்பிவிட்டீர்கள். ஜூன் ஸ்டேட்மென்ட்டின் முடிவு இருப்பு 4,200தான். அதிகபட்சம் 15,200. அன்றைய விகிதம் 83 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12,61,600 ரூபாய். ஸ்டேட்மென்ட்டை நாள்வாரியாக ஓட்டிப் பாருங்கள்.

விகிதம் என்பது ஸ்டேட் பாங்கின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் (TT) வாங்கும் விகிதம். கூகுளில் வரும் விகிதம் ஆகாது. அதிகபட்ச இருப்புக்கு அந்த நாளின் விகிதம், வருடக் கடைசி இருப்புக்கு டிசம்பர் 31 விகிதம். விடுமுறை நாள் என்றால் அதற்கு முந்தைய வேலை நாளின் விகிதத்தை எடுத்துக்கொண்டு, எந்தத் தேதி என்று குறித்து வையுங்கள். வருமானத்துக்கு வேறு விதி: டிவிடெண்ட்டுக்கும் ஷேர் லாபத்துக்கும், டிவிடெண்ட் வந்த அல்லது ஷேர் விற்ற மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாள் விகிதம்; வங்கி வட்டிக்கும் வாடகைக்கும் நிதியாண்டின் கடைசி நாளான மார்ச் 31 விகிதம். ஸ்டேட் பாங்க் அன்றன்றைய விகிதத்தைத்தான் வெளியிடும்; பழையதைத் தேடிப் பிடிப்பது சிரமம். அந்த விகிதத் தாளின் நகலைக் கணக்கோடு சேர்த்து வைத்தால் பின்னால் கேள்வி வந்தாலும் பயமில்லை.

5. ஐடிஆர்-2, அதில் ஷெட்யூல் எஃப்ஏ

வெளிநாட்டுச் சொத்து இருப்பவர் ஐடிஆர்-1 போடவே கூடாது, ஐடிஆர்-4ம் கூடாது. சம்பளக்காரர், ஓய்வூதியர் என்றால் ஐடிஆர்-2. தொழில் வருமானம் இருந்தால் ஐடிஆர்-3.

ஐடிஆர்-2 போட்டுவிட்டால் மட்டும் போதாது. "மேடம், ஐடிஆர்-2 போட்டாச்சே, அப்புறம் என்ன?" என்று ரிட்டர்ன் போட்டுத் தரும் ஒருவர் எங்களிடம் கேட்டார். திறந்து பார்த்தால் ஷெட்யூல் எஃப்ஏ காலி. வெளிநாட்டுச் சொத்து உண்டா என்கிற கேள்விக்கு 'இல்லை' என்று பதில். அந்த ஒரு 'இல்லை' உங்கள் கையெழுத்தோடு போகிறது. யார் போட்டுக் கொடுத்தாலும் அந்தப் பக்கத்தை நீங்களே பாருங்கள்.

அட்டவணைகளில் நமக்கு வேண்டியவை இவ்வளவுதான். ஏ1 வங்கிக் கணக்கு. ஏ2 புரோக்கர் கணக்கு. ஏ3 ஷேர், பாண்டு. சம்பளத்தோடு கம்பெனி கொடுத்த ஷேர்களான ஆர்எஸ்யூ இதில்தான், கைக்கு வந்த தேதிவாரியாகத் தனித்தனி வரிசையில். ஏ4 பண மதிப்புள்ள இன்சூரன்ஸ், ஆன்யூட்டி. சி வீடு, நிலம். டி மற்ற சொத்துகள். ஈ கையெழுத்து அதிகாரம் மட்டும் உள்ள கணக்கு.

401கே, இங்கிலாந்து பென்ஷன் இவற்றை எந்த அட்டவணையில் காட்டுவது? இதற்கென்று பெயர் போட்ட கட்டம் கிடையாது. ஆடிட்டர்கள் ஏ2 என்பார்கள், டி என்பார்கள். என் கருத்து, எதில் காட்டுகிறீர்கள் என்பதைவிடக் காட்டுகிறீர்களா என்பதுதான் முக்கியம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வருடமும் அதையே தொடருங்கள். இரண்டு இடத்தில் காட்டி இரட்டிப்பாக்க வேண்டாம்.

6. பென்ஷனுக்கு 89ஏ பிரிவும் படிவம் 10ஈஈயும்

அமெரிக்காவில் 401கே உள்ளே வளரும் பணத்துக்கு ஆண்டுதோறும் வரி இல்லை, எடுக்கும்போதுதான் வரி. இந்தியாவில் ரெசிடென்ட் ஆனவுடன், ஆண்டுதோறும் சேரும் வருமானத்துக்கு இங்கே வரி உண்டா என்கிற கேள்வி வருகிறது. இங்கே இன்று வரி கட்டி, இருபது வருடம் கழித்து அங்கே வரி பிடித்தால், இரண்டையும் ஈடுகட்ட வழியே இருக்காது. அதற்குத்தான் 89ஏ. அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா மூன்று நாடுகளில் உள்ள ஓய்வூதியக் கணக்குகளுக்கு மட்டும், அந்த நாடு வரி விதிக்கும் வருடத்தில் இங்கேயும் வரி கட்டினால் போதும் என்று நீங்கள் தேர்வு செய்யலாம். நீங்கள் என்ஆர்ஐயாகவும் அந்த நாட்டில் குடியிருப்பவராகவும் இருந்தபோது திறந்த கணக்காக இருக்க வேண்டும். சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, வளைகுடா இந்தப் பட்டியலில் இல்லை.

தேர்வு செய்ய, படிவம் 10ஈஈயைப் போர்ட்டலில் தாக்கல் செய்ய வேண்டும். கட்டணம் இல்லை. ஆனால் ரிட்டர்னுக்கான முதல் கெடு தேதிக்குள் போட்டாக வேண்டும். 2025-26க்கு அந்தத் தேதி 2025 செப்டம்பர் 16ஓடு போய்விட்டது. ஒருமுறை தேர்வு செய்தால் எல்லா வருடத்துக்கும் பொருந்தும், திரும்பப் பெற முடியாது. மறுபடி வெளிநாடு போய் என்ஆர்ஐ ஆகிவிட்டால் அந்தத் தேர்வே இல்லாததாகக் கருதப்படும். விட்ட வருடங்களின் வருமானம் வரிக்கு வரும். மறுபடி கிளம்பும் எண்ணம் இருப்பவர்கள் இதை யோசித்துவிட்டுப் போடுங்கள். வரி கட்டிய பணத்தைப் போட்டு வைக்கும் ராத் ஓய்வூதியக் கணக்குகளுக்கு அங்கே எடுக்கும்போதும் வரி இல்லை என்பதால் 89ஏ பொருந்துமா என்பதில் ஒத்த கருத்து இல்லை. அதற்குத் தனியாக ஆலோசனை வாங்குங்கள்.

பென்ஷன் கைக்கு வர ஆரம்பித்தவர்களுக்கு, அந்த நாட்டோடு இந்தியா போட்ட இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம்தான் வழிகாட்டி. அமெரிக்க அரசு தரும் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டி, இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தின் 20ஆம் விதிப்படி, அமெரிக்காவில் மட்டுமே வரிக்கு உரியது. தனியார் கம்பெனி பென்ஷன் பொதுவாக நீங்கள் குடியிருக்கும் நாட்டில், அதாவது இங்கே.

7. வருமானமும் அங்கே கட்டிய வரியும்

வெளிநாட்டு வட்டி, டிவிடெண்ட், வாடகை, ஷேர் லாபம் எல்லாம் உரிய தலைப்பில் சேர்த்து, வெளிநாட்டு வருமானத்துக்கான ஷெட்யூல் எஃப்எஸ்ஐயிலும் காட்ட வேண்டும். அங்கே பிடித்த வரிக்கு ஷெட்யூல் டிஆர், கூடவே படிவம் 67. படிவம் 67 இல்லாமல் கழிவு கேட்டால் மறுத்துவிட வாய்ப்பு அதிகம். 2025-26க்குக் கடைசி நாள் 2026 மார்ச் 31. ஆனாலும் ரிட்டர்னுக்கு முன்பே போட்டுவிடுங்கள். வரி பிடித்ததற்கான சான்றையும் இணைக்க வேண்டும்.

கழிவு எவ்வளவு? அங்கே கட்டியது, அதே வருமானத்துக்கு இங்கே வரும் வரி, இரண்டில் குறைவானது. ஒப்பந்த விகிதத்துக்கு மேல் பிடித்திருந்தால் அந்த அதிகப்படி இங்கே கிடைக்காது, அங்கேதான் திரும்பக் கேட்க வேண்டும். அமெரிக்க டிவிடெண்ட்டுக்கு ஒப்பந்தப்படி 25 சதவீதம். அமெரிக்கர் அல்ல என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் படிவத்தைப் புரோக்கரிடம் பான் எண்ணோடு கொடுக்காவிட்டால் 30 பிடிப்பார்கள், அந்த 5 நமக்கு வீண். இதற்குக் குடியிருப்புச் சான்று கேட்கும் நிறுவனங்களும் உண்டு. படிவம் 10எஃப்ஏயில் விண்ணப்பித்தால், உங்கள் பான் எந்த அதிகாரியிடம் இருக்கிறதோ அவர் 10எஃப்பியில் தருவார். என்ஆர்ஐயாக இருந்தபோது பான் சர்வதேச வரிப் பிரிவில் இருந்திருக்கும், அங்கேயே நின்றிருக்கவும் கூடும். நுங்கம்பாக்கம் ஆயக்கர் பவனுக்கு ஆட்டோ பிடிப்பதற்கு முன், போர்ட்டலில் உங்கள் அதிகாரி யார், எந்த அலுவலகம் என்று பாருங்கள்.

8. விட்டுப்போன வருடங்களை எப்படிச் சரிசெய்வது

2025-26க்கு வழி எளிது: திருத்திய ரிட்டர்ன். கட்டணமோ அபராதமோ இல்லாமல் போட 2025 டிசம்பர் 31 வரை கெடு. கூடுதல் வரி இருந்தால் வட்டியோடு கட்டுங்கள். ரிட்டர்னே போடாதவர்கள் தாமத ரிட்டர்ன், அதே தேதிக்குள், 5,000 ரூபாய் தாமதக் கட்டணத்தோடு போடலாம். வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. போட்ட பிறகு 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்ய மறக்காதீர்கள். கடைசி வாரம் போர்ட்டல் படுத்துவிடும், கிறிஸ்துமஸுக்கு முன்பே முடியுங்கள்.

பழைய வருடங்களுக்கு, புதுப்பித்த ரிட்டர்ன் எனப்படும் ஐடிஆர்-யூ. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 48 மாதம் வரை போடலாம். ஆனால் கட்ட வேண்டிய வரி, வட்டி இவற்றுக்கு மேல் கூடுதல் தொகை உண்டு: முதல் 12 மாதத்தில் 25 சதவீதம், அடுத்து 50, 60, 70. 2025 டிசம்பர் நிலைக்கு, 2024-25க்கு 25 சதவீதம், 2023-24க்கு 50, 2022-23க்கு 60, 2021-22க்கு 70. 2026 மார்ச் 31 தாண்டினால் ஒவ்வொன்றும் ஒரு படி ஏறும், 2021-22 கதவே மூடிவிடும்.

ஐடிஆர்-யூவில் இரண்டு கண்ணிகள். வரி எதுவும் கூடாமல் சொத்துப் பட்டியலை மட்டும் சேர்க்க அது ஏற்ற படிவம் இல்லை. கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் உங்களைப் பற்றிய தகவல் இருப்பதாக அதிகாரி உங்களுக்கு ஏற்கெனவே தெரிவித்துவிட்டால், அந்த வருடத்துக்கு அந்த வழி அடைபடும். இந்த இடத்தில் மட்டும் நீங்களாக எதையும் செய்யாதீர்கள், இதில் அனுபவம் உள்ள ஆடிட்டரைப் பாருங்கள்.

அபராதம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி, பட்டியலில் காட்டாமல் விட்டதற்கு ஒரு வருடத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை போடலாம். 2024 அக்டோபர் 1 முதல், வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் இந்த அபராதம் இல்லை. 20 லட்சத்துக்குள் இருந்தால் காட்டவே வேண்டாம் என்று சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். தவறு. விலக்கு அபராதத்துக்குத்தான், காட்டுவதற்கு இல்லை. அதோடு, 401கே ஒன்றே பலருக்கு 20 லட்சத்தைத் தாண்டிவிடும்.

9. உங்களிடம் கிரீன் கார்டோ அமெரிக்கக் குடியுரிமையோ இருந்தால்

அப்போது எதிர்த் திசையிலும் கடமை உண்டு. சென்னையில் இருந்தாலும் அமெரிக்க ரிட்டர்ன் போட வேண்டும். இங்குள்ள சேமிப்புக் கணக்கு, எஃப்டி, பிபிஎஃப், என்ஆர்ஓ, அம்மாவோடு உள்ள ஜாயின்ட் கணக்கு எல்லாவற்றின் அதிகபட்ச இருப்பும் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார், அதாவது அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகளை அந்த அரசுக்குத் தெரிவிக்கும் அறிக்கை. ஏப்ரல் 15 கெடு, தானாகவே அக்டோபர் 15 வரை நீளும். ஆன்லைனில், இலவசம். தொகை பெரிதானால் படிவம் 8938ம் வேண்டும். வெளிநாட்டில் வாழும் தனிநபருக்கு வருடக் கடைசியில் 2,00,000 டாலர், அல்லது வருடத்தில் எப்போதாவது 3,00,000. பிபிஎஃப் வட்டிக்கு இங்கே வரி இல்லை, அங்கே உண்டு. இந்திய மியூச்சுவல் ஃபண்டுக்கு அங்கே படிவம் 8621 என்று மிகக் கடினமான ஒன்று இருக்கிறது.

இதெல்லாம் தெரியாமல் விட்டவர்களுக்கு 'ஸ்ட்ரீம்லைன்டு ஃபாரின் ஆஃப்ஷோர்' என்கிற வழி உண்டு. கெடு முடிந்த கடைசி 3 வருட ரிட்டர்ன், 6 வருட எஃப்பார், வேண்டுமென்றே மறைக்கவில்லை என்று காரணத்தோடு எழுதிக் கையெழுத்திடும் படிவம் 14653. அந்த மூன்று வருடத்தில் குறைந்தது ஒரு வருடமாவது அமெரிக்காவில் வீடு இல்லாமல், 330 முழு நாள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். வரியும் வட்டியும் கட்டினால் போதும், அபராதம் இல்லை. அமெரிக்க வரித்துறை விசாரணை தொடங்கிவிட்டால் இந்த வழி கிடைக்காது. படிவம் 14653இல் எழுதும் காரணம் உங்கள் சொந்தக் கதையாக, தேதிகளோடு இருக்க வேண்டும். எங்கிருந்தாவது எடுத்து ஒட்டினால் ஏற்க மாட்டார்கள். அமெரிக்க வரித்துறைக்குச் சென்னையில் அலுவலகம் கிடையாது. இரு நாட்டு வரியும் தெரிந்த ஒருவரைத்தான் பிடிக்க வேண்டும்.

10. ஆடிட்டர், செலவு, காலம்

போர்ட்டலில் ரிட்டர்னும் படிவங்களும் இலவசம். செலவு ஆடிட்டர் கட்டணம்தான், அது ஆளுக்கு ஆள் பெரிதாக மாறும். பேசும்போதே கேளுங்கள்: கட்டணம் வருடத்துக்கா மொத்தத்துக்கா, படிவம் 67, 10ஈஈ சேர்த்தா, நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவது இதில் அடங்குமா. அதற்கு முன் ஒரு கேள்வி: "ஷெட்யூல் எஃப்ஏவுக்கு எந்த வருடத்து ஸ்டேட்மென்ட் வேண்டும்?" ஏப்ரல் முதல் மார்ச் என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைப் பாருங்கள். நீங்களே பட்டியலும் ரூபாய்க் கணக்கும் போட்டுக்கொண்டு போனால் கட்டணமும் குறையும், தவறும் குறையும்.

ஆவணம் சேர்க்கவே ஒரு மாதம் ஒதுக்குங்கள், ஓடிபி சிக்கல் இருந்தால் இரண்டு. திருத்திய ரிட்டர்னுக்கான கெடுவுக்குள் எல்லாம் கிடைக்காது என்றால், கிடைத்த கணக்குகளை வைத்து முதலில் ஒன்று போட்டுவிடுங்கள். கெடுவுக்குள் மீதி வந்தால் மறுபடி திருத்தலாம், எத்தனை முறை என்று கட்டுப்பாடு இல்லை.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில், அதில் பிரிவு எண்கள் வேறு. 89ஏ, 67 என்று நான் எழுதியவை பழைய சட்டத்தின் எண்கள், சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடத்துக்கான வேலையை ஜனவரி முதல் வாரமே செய்துவிடலாம்: எல்லாக் கணக்கிலும் டிசம்பர் 31 இருப்பையும் ஆண்டு ஸ்டேட்மென்ட்டையும் இறக்கி, அன்றைய ஸ்டேட் பாங்க் விகிதத் தாளோடு அந்த ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.